பாட்டியும் அந்தப் பத்துப் பாட்டும்

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கொருக்குப்பேட்டையில் இருக்கும் அவருடைய பாட்டிக்கு எழுபத்தைந்து வயது. கையில் போனைக் கொடுத்தால் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பாட்டைத்தான் கேட்கிறாராம். டிவியில் நூறு முறை பார்த்த படம் ஓடினால் சோறு ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்து பார்க்கிறார், அடுத்த வசனம் இன்னது என்று தெரிந்தும் அழுகிறார். "இது வெறும் பழைய நினைப்பா, இல்லை அந்தப் பாட்டிலும் படத்திலும் நிஜமாகவே ஏதோ இருக்கிறதா? ஏன் சிலது மட்டும் இத்தனை வருஷம் நிற்கிறது?" என்று கேட்டிருந்தார்.

தம்பி, எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன். என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தவர். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு ரெக்கார்டு பிளேயர், நான்கு ஹாரன் ஒலிபெருக்கி, ஒரு மீன்பாடி வண்டி. இதுதான் கடை. ஒன்பது வயதிலிருந்து நான் அவர்கூட வண்டியில் போனேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ், ராயபுரத்துத் தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு வீடு என்று எல்லா வாசலிலும் நின்று எந்தப் பாட்டுக்கு யார் எப்படி முகம் மாறுகிறார்கள் என்று பார்த்தவன் நான். அதனால் என் பதிலும் அங்கிருந்துதான் வரும்.

முதலில், வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததுதான் மனிதனுக்கு மற்ற காலத்தைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்று உளவியல் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அந்த வயதில் கேட்ட பாட்டும் அப்படித்தான். மெட்டோடு சேர்ந்த வார்த்தை வெறும் வார்த்தையைவிடச் சுலபமாக மனதில் தங்கும். சரி, இது உண்மைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு இது போதாது. பாட்டி ஏன் அழுகிறார் என்பதற்கு இது பதிலாகும். பாட்டி பிறப்பதற்கு முன் வந்த பாட்டை இருபது வயதுப் பையன் ஏன் பாடுகிறான் என்பதற்கு ஆகாது.

எங்கள் கடையில் பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. எந்த வீட்டு விசேஷமானாலும் ஊசியை முதலில் வைப்பது சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' மேல்தான். பெண்ணை அழைத்து வரும்போது 1962-இல் வந்த 'சாரதா' படத்தின் 'மணமகளே மருமகளே வா வா'. ஆடி மாதம் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' எல்லா வீட்டுக்கும் பொது. மசூதித் தெருவில் கேட்பார்கள், மாதா கோயில் தெருவில் கேட்பார்கள், கூழ் ஊற்றும் இடத்திலும் கேட்பார்கள். பாடியவர் எந்த மதம் என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. சினிமாவில் ஒரு காட்சிக்காகப் போட்ட பாட்டுக்கு ஊர் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டது. 'சாரதா' படத்தின் கதை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பாட்டு மட்டும் இன்னும் மண்டப வாசலில் நிற்கிறது.

ஒரு தடவை எனக்கே இது உறைத்தது. அந்தக் காலத்து இ.பி. என்கிற சின்ன இசைத்தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஒரு கல்யாணத்தில் அப்பா மின் கம்பத்தில் ஹாரன் கட்டப் போயிருந்தார். பொண்ணு வந்து இறங்குகிறாள், பாட்டு முடிகிறது, நான் ஊசியை எடுக்காமல் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடுத்த பாட்டு சோகப் பாட்டு. இரண்டு வரிதான் போயிருக்கும். பந்தலில் அத்தனை சத்தமும் நின்றது. ஒரு பெரியம்மா ஓடிவந்து தட்டின் மேலேயே கையை வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை. அம்மாவின் நகப்பூச்சை எடுத்து, எந்தெந்தத் தட்டில் நடுவில் நிறுத்த வேண்டுமோ அதன் லேபிளில் எல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். 'பாட்டு தப்பில்லடா, எடம்தான் தப்பு' என்றார். ஒரு பாட்டு எந்த இடத்துக்கு உரியது என்று ஐந்நூறு பேருக்கு ஒரே நொடியில் தெரிகிறது என்றால், அது அதற்குள் அவர்கள் வாழ்க்கையில் ஒரு பாத்திரம் பண்டம் மாதிரி புழங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நிற்பதற்கு முதல் காரணம் இந்தப் புழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அதற்குத் திருவொற்றியூர் வரை போக வேண்டும்.

பட்டினத்தார் சமாதி அங்கே கடலோரம் இருக்கிறது. பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அதுதான் உனக்கு இடம் என்று சொல்லப்பட்டு, ஊர் ஊராக அலைந்து, திருவொற்றியூரில் கரும்பு இனித்தது என்பது கதை. செத்துப்போன அம்மாவுக்குக் கொள்ளி வைக்கும்போது பாடியவர் அவர். சாவைப் பற்றிய அவருடைய பாட்டு ஒன்றில் ஒரு கணக்கு வரும்: செல்வமும் வாழ்வும் வீட்டோடு சரி, கண்ணீர் விடும் மனைவி தெருவோடு சரி, தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு சரி, கூடவே தொடர்ந்து வருவது செய்த புண்ணியமும் பாவமும்தான்.

1962-இல் 'பாத காணிக்கை' படத்துக்குக் கண்ணதாசன் 'வீடு வரை உறவு' எழுதினார். விஸ்வநாதன், ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். அதே வீடு, அதே தெரு, அதே காடு, அதே வரிசை. எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கடைசி இடத்தில் கண்ணதாசன் ஒரு வேலை செய்தார். பட்டினத்தார் 'புண்ணியமும் பாவமும்' என்று விடை சொல்லி முடித்த இடத்தில் இவர் விடை சொல்லவில்லை. 'யாரோ' என்று விட்டுவிட்டார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது. கேட்பவன் அதில் தன் ஆளை உட்காரவைத்துக்கொள்கிறான்.

வட சென்னையில் அந்தக் காலி இடத்தை நிரப்பியே பாடினார்கள். அதுதான் மரண கானா. புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் பக்கம் சாவு விழுந்த வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். பதினாறாம் நாள் காரியத்திலும் பாடுவார்கள். டோலக், ஆர்மோனியம், கட்ட மோளம், சட்டி. பாடகர் வந்ததும் நேராகப் பாட ஆரம்பிக்க மாட்டார். வீட்டு ஆள் ஒருவரைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். இறந்தவர் பேர் என்ன, கூப்பிடும் பேர் என்ன, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், யாரோடு சுற்றுவார், யார்மேல் உயிராக இருந்தார். இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, ஊருக்குத் தெரிந்த மெட்டில் அந்தப் பேர்களைக் கோத்துப் பாடுவார். பேர் வரும்போது அந்தப் பேருக்குரியவர் எழுந்து வந்து பாடகர் சட்டையில் பத்து ரூபாயைக் குத்திவிட்டு அழுதுகொண்டே போவார். மெட்டு பழசு, நிலையாமைச் சேதியும் பழசு. பேர் மட்டும் புதுசு.

கானாவின் வேர் எது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது குணங்குடி மஸ்தான் சாகிபு வழி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்து தங்கிய சூஃபி அவர். தொண்டியிலிருந்து வந்தவர், அதனால் தொண்டியார், அதனால்தான் தண்டையார்பேட்டை என்று பேர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய கண்ணிப் பாடல்களையும் பட்டினத்தார் பாட்டையும் ஒரே மூச்சில் பாடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கானாவை வெளியுலகம் ரொம்ப நாள் மதிக்கவில்லை. தொண்ணூறுகளில் தேவா இசையில் அது சினிமாவுக்குள் நன்றாக வந்தது. 2006-இல் கானா உலகநாதன் பாடிய 'வாள மீனுக்கும்' தமிழ்நாடு முழுக்க ஓடியது. அப்புறம் கானா பாலா வந்தார். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு மேடையேறியபோது கானா பாடகர்கள் அம்பேத்கர் பேரையும் இட ஒதுக்கீட்டையும் மேடையிலேயே பாடினார்கள். என்னைக் கேட்டால் அதுவும் மரண கானா செய்த அதே வேலைதான். தெரிந்த தாளம், அதில் விட்டுப்போன பேர்கள்.

வட சென்னை என்றாலே கானா மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் சரியில்லை. தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடியிருக்கிறார். வீணை தனம்மாள் இருந்தது ஜார்ஜ் டவுனில்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சபாக்கள் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் போனது பிற்பாடு.

தமிழ் சினிமா முதலில் பேசியதும் இந்தப் பக்கம்தான். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது வால்டாக்ஸ் ரோட்டுக் கினிமா சென்ட்ரலில். பிற்பாடு அது முருகன் தியேட்டர் ஆயிற்று. பம்பாயில் எடுத்த படம். பிலிம் பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிக் கொட்டகைக்குப் போகிற வழியெல்லாம் ஜனங்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். படத்தில் டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசுவார், மற்றவர் தெலுங்கில் பதில் சொல்வார். யாருக்கும் அது குறையாகப் படவில்லை. பாட்டு இருந்தது, போதும்.

அப்புறம் 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் போட்ட படம் 1945 தீபாவளியைப் பார்த்து, 1946 தீபாவளியையும் பார்த்தது. நூறு வாரத்துக்கு மேல். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. போர்க்காலத்தில் கச்சா பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு வைத்திருந்தது, வரும் படங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆனால் அதை மட்டும் வைத்து மூன்று தீபாவளியை விளக்க முடியாது. 1944 முடிவதற்குள் படத்தின் கதாநாயகன் எம்.கே.டி.பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார்கள். 1947-இல்தான் வெளியே வந்தார்கள். அதாவது கதாநாயகன் சிறைக்குள் இருக்க, பிராட்வேயில் தினமும் அவர் பாடிக்கொண்டிருந்தார். படத்தின் கதையோ பெற்றோரை அவமதித்த ஒருவன் திருந்தி மன்னிப்புக் கேட்பது. என் தாத்தா அந்தக் கொட்டகைக்குப் பதினோரு தடவை போனதாகச் சொல்வார். ஏன் என்று கேட்டதற்கு, 'அவரைப் பார்க்க வேறே எங்கே போறது?' என்றார்.

உங்கள் பாட்டிக்கு வசனமெல்லாம் மனப்பாடம் என்றீர்களே, அதற்கும் மைக் செட்டுக்கும் சம்பந்தம் உண்டு. எல்.பி. என்கிற பெரிய இசைத்தட்டு வந்தபிறகு படத்தின் 'கதை வசனம்' தட்டாகவே விற்றது. 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எல்லாம் எங்கள் கடையில் தேய்ந்துபோகும் அளவுக்கு ஓடின. திருவிழா ராத்திரியில் பாட்டுகள் முடிந்ததும் கதை வசனம் போடுவோம். தெரு முழுக்கப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு ஜனங்கள் படத்தைக் காதால் பார்ப்பார்கள். தருமி புலம்பும் இடத்தில் இருட்டில் எங்கிருந்தோ ஒரு குழந்தை அடுத்த வரியை முந்திச் சொல்லும். கொட்டகைக்குப் போகக் காசில்லாதவர்களுக்கும் படம் வந்து சேர்ந்தது இப்படித்தான். உங்கள் பாட்டி அடுத்த வசனத்தை முன்கூட்டியே சொல்வது, கோயிலில் தெரிந்த தேவாரத்தை ஓதுவாரோடு சேர்ந்து சொல்வது மாதிரி. தெரியும் என்பதால்தான் கேட்கிறார். தெரியாத கதையில் நாம் வெறும் பார்வையாளர், தெரிந்த கதையில் நாமும் ஓர் ஆள்.

டிவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் மகிமை நிகழ்ச்சியில் பாதி, உட்கார்ந்த இடத்தில் பாதி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் சந்தில் முதல் டிவி வந்தது அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வரும் நேரம் அந்த வீட்டு ஜன்னலில் கம்பிக்கு ஒரு தலை இருக்கும். கடல் உப்புக்காற்றில் ஆன்டெனா துருப்பிடித்துப் படம் ஆடும். மாடியில் ஒருத்தன் கம்பியைத் திருப்ப, கீழே இருபது பேர் சேர்ந்து 'நில்லு, நில்லு' என்று கத்துவோம். அரை மணி நேரத்தில் நான்கைந்து பாட்டு. இன்றைக்கு அந்தப் பாட்டுகளைப் போனில் தெளிவாகப் பார்க்கிறேன், படம் ஆடவில்லை. ஆனாலும் எங்கே ஆடியது என்று எனக்குத் தெரியும்.

சீரியல் என்றால் பலருக்கு இளக்காரம். எனக்கு இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில், 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டார்கள். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை. எங்கள் தெருவில் அப்போது சாவுக்குக்கூட ஆள் போக முடியாது. என் அக்கா அந்த ஒரு மணி நேரம் டிவி முன்னால் உட்கார்ந்து, திரையில் வரும் ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பாள். முடிவு தெரிந்த கதை, தெரிந்த முகங்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத நாட்களில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கூட இருந்து பார்த்தவன் நான்.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. சினிமா வட சென்னைக்காரர்களான எங்களை வெகுகாலம் ரவுடியாகவும், சிரிப்புக்கு ஒரு பாஷையாகவும்தான் காட்டியது. அந்தப் படங்களையும் நாங்கள்தான் அகஸ்தியா, மகாராணி கொட்டகைகளில் காசு கொடுத்துப் பார்த்தோம், அது வலிக்கத்தான் செய்தது. 2014-இல் 'மெட்ராஸ்' வந்தபோது ஹவுசிங் போர்டு வீட்டின் மொட்டை மாடியும், கால்பந்தும், சுவருக்காக நடக்கும் சண்டையும் திரையில் இருந்தன. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' எழுபதுகளின் குத்துச்சண்டையைக் காட்டியது. அது போனுக்கு நேராக வந்த படம். சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் நிஜமாகவே இங்கே இருந்த குத்துச்சண்டைக் கூட்டங்கள். எங்கள் டீக்கடையில் எண்பது வயதுத் தாத்தா ஒருவர் பேரன் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரவுண்டுக்கும் 'இது இப்படி இல்ல, கால் இன்னும் உள்ள வரணும்' என்று திருத்தம் சொல்லிக்கொண்டே பார்த்தார். பேரன் முதல் தடவையாகத் தாத்தாவிடம் 'நீ ஆடியிருக்கியா?' என்று கேட்டான். அந்தப் படம் இன்னும் ஐம்பது வருஷம் நிற்குமா என்று என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி அந்தக் கடையில் கேட்கப்பட்டதால் நிற்கும் என்பேன்.

கொட்டகைகள் போய்க்கொண்டிருக்கின்றன. 1967-இல் திறந்த அகஸ்தியா 2020-இல் மூடியது. 1985-இல் ரஜினிகாந்த் திறந்துவைத்த பெரம்பூர் பிருந்தா 2025-இல் மூடியது. ஹாரனும் போய்விட்டது, ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-இல் வந்த விதி சொல்கிறது. தூங்க வேண்டியவர்களுக்கு அது நியாயம்தான். அப்பா கடையை நான் எடுத்து நடத்தவில்லை.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் ராத்திரி புளியந்தோப்பிலிருந்து கானா ஆட்கள் வந்தார்கள். பாடகர் என்னைத் தனியே கூப்பிட்டு வழக்கம்போல விசாரித்தார். பேர், வேலை, பிள்ளைகள். கடைசியாக, 'உங்கப்பா வாசல்ல எத்தினி சாவுக்கு வீடு வரை உறவு போட்டிருப்பாரு?' என்று கேட்டார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய், சட்டியைத் தட்டி, அந்த மெட்டை எடுத்தார்.

'மைக்கு கட்டின கையி ரெண்டும் மடங்கிப் போச்சுதே
ஊருக்கெல்லாம் பாடின வீடு அடங்கிப் போச்சுதே'

என்று போய், கண்ணதாசன் 'யாரோ' என்று விட்ட இடத்துக்கு வந்ததும், அப்பா மைக் கட்டிய தெருக்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு தெருப் பேருக்கும் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் எழுந்து நின்றார்கள். விடிய விடிய அது முடியவில்லை.

தம்பி, பாட்டி அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் கொட்டகையில் பார்த்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள். அகஸ்தியா திறந்தபோது அவருக்குப் பதினேழு வயது இருக்கும், அதனால் அங்கேயாக இருக்கலாம். இல்லை, கொட்டகையே இல்லாமல் ஏதோ ஒரு திருவிழா ராத்திரியில் பாயில் படுத்துக்கொண்டு கேட்டிருந்தால், எந்தத் தெரு என்று கேட்டு எனக்கும் சொல்லுங்கள். அங்கே ஹாரன் கட்டியது அப்பாவா என்று பார்க்கிறேன்.